கரும்புக்குப் பின்னால் ஏரி

பாய்,

உங்கள் பசை இன்னும் மணக்கிறது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிளறுவீர்களே, அந்தப் பசைதான். புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் புளித்த மாவும் பித்தளைப் பாத்திரமும் கலந்த மாதிரி ஒரு வாடை. வெறும் பழைய காகித வாடையாகக்கூட இருக்கலாம். என் மூக்குக்கு அது நீங்கள்தான்.

சென்னையில் பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பென்சிலால் எழுதுகிறேன். பழைய புத்தகம் கேட்டு வாங்குகிறவர்கள் பேனாவை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான் என்று கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிழவி பீற்றிக்கொள்கிறாள் என்று நினைப்பாள்.

போன வாரம் உங்கள் மகள் போன் செய்தாள். "வாப்பா மவுத்தாயிட்டாருங்க ஆன்ட்டி. நாப்பதாம் நாள் ஓதி முடிச்சிட்டு, அவரு டைரில இருந்த நம்பருக்கெல்லாம் பண்ணிக்கினு இருக்கேன்." உங்கள் டைரியில் என் நம்பர் இருந்தது என்பதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. மறுநாளே கிளம்பி வந்து இந்தப் புத்தகத்துக்குச் சீட்டு எழுதிப் போட்டேன். இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. கரும்புப் பயிரின் நோய்களைப் பற்றிய புத்தகம். முதுகில் அந்தத் தலைப்புதான் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசித் தாளை இன்னும் நான் புரட்டவில்லை. அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நூலகத்தில் இடம் போதவில்லை என்று, பழுதான புத்தகங்களையும் அவற்றைச் சீர்செய்யும் பிரிவையும் திண்டிவனத்துக்குத் தள்ளினார்கள். பாதுகாப்புப் பிரிவு என்று பெயர். நான் பொறுப்பாளர், நீங்கள் பைண்டர், ஒரு வாட்ச்மேன். அவ்வளவுதான் பிரிவு. நமக்குக் கிடைத்த கட்டடம் அதற்கு முன்னால் மல்லாட்டை மண்டியாக இருந்தது. தரை இடுக்கில் எல்லாம் நிலக்கடலைத் தோல். எலிக்கும் பூச்சிக்கும் விருந்து வைத்த இடத்தில் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பாதுகாப்பு என்று போர்டு மாட்டினார்கள். முதல் நாள் நீங்கள் அந்தப் போர்டைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "யாருகிட்டேர்ந்து யாருக்கு மேடம் பாதுகாப்பு?"

தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்தாயிற்று. முன்பக்கம் ஒரே ஒரு இரும்பு ஷட்டர். காலையில் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி வருவேன். அங்கே அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். கணவரும் மகளும் சென்னையில். சனிக்கிழமை சாயங்காலம் சென்னைக்கு ஓடுவது, திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்புவது, இப்படியே மூன்று வருஷம். மாற்றல் கேட்டு நான் எழுதின மனுக்களை எல்லாம் சேர்த்திருந்தால் நீங்களே ஒரு புத்தகமாகத் தைத்துத் தந்திருப்பீர்கள். மயிலம் தாண்டும்போது ரயிலிலிருந்து குதித்து எங்கேயாவது போய்விடலாமா என்று இருக்கும். பிறகு திண்டிவனம் வந்துவிடும், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

நீங்கள் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். அண்ணன் தம்பி எல்லோரும் துபாய், சவூதி என்று போயிருக்க, நீங்கள் மட்டும் பசைக் கிண்ணத்தோடு நின்றுவிட்டவர். உங்கள் தெருவில் ஆம்பளை என்றால் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வருகிற கிழவர்களும் நீங்களும்தான் என்று சிரிப்பீர்கள். "லீவுல வர்றவன் எல்லாம் இன்னா பாய், இன்னும் இங்கயே கீறியான்னு கேக்கறான் மேடம். கப்ரஸ்தான்ல பொதைச்சவனைக் கேக்கற மாதிரி கேக்கறான்."

ஒரு மழைக்காலத்தில் அந்த ஷட்டர் துருப்பிடித்து இறங்கினது இறங்கினபடி மாட்டிக்கொண்டதே, மறந்திருக்க மாட்டீர்கள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போனவன், மழையில் எங்கோ ஒதுங்கிவிட்டான். மத்தியானம் முழுக்க நாம் இரண்டு பேரும் உள்ளே. எனக்கு மூச்சு முட்டியது. ஷட்டரைக் கையால் அடித்து அடித்து உள்ளங்கை சிவந்துவிட்டது. நீங்கள் அவசரமே இல்லாமல் ஒரு புத்தகத்தைத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். "ஷட்டர் மாட்டிக்கினா பரவால்ல மேடம், கடப்பாறை எடுத்தாந்து நெம்பிடுவான். ஆபீஸ் மாட்டிக்கினா இன்னா பண்றது?" என்றீர்கள். அன்றைக்குத்தான் விசா விஷயம் சொன்னீர்கள். துபாயில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை, உங்கள் அண்ணன் ஏற்பாடு. ஆறு மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். பல்கலைக்கழகம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதம் தந்தால் போதும். மகளுக்குக் கல்யாண வயசு வருவதற்குள் ஓட்டு வீட்டைத் தளம் போட்ட மெத்தை வீடு ஆக்கவேண்டும் என்றீர்கள். நான் என் மகளைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அவள் என்னைக் காட்டி, "இது விழுப்புரம் அம்மா" என்று சொன்னாள். அப்படியானால் சென்னை அம்மா யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க பயம்.

நீங்கள் ஊசியை நிறுத்தவில்லை. "அல்லா ரெண்டு பேருக்கும் ஷட்டரைத் தொறப்பான்" என்றீர்கள்.

நிஜமாகவே திறந்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது, உங்கள் காகிதமும் தலைமை அலுவலகத்தில் நகர ஆரம்பித்தது. நம்மை விடுவிப்பதற்கு முன்னால் இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று அங்கேயிருந்து ஒரு சூப்பரிண்டெண்ட் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார். பழைய புத்தகத்தில் எச்சில் வைக்காதீர்கள் சார் என்று நான் சொன்னதிலிருந்தே அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஐந்து நாள் எண்ணினார். ஆறாம் நாள் ஒரு புத்தகம் குறைகிறது என்றார். பனமலைப் பக்கத்து ஏரிகளையும் மதகுகளையும் பற்றிய ஒரு சின்னப் புத்தகம், ஐம்பது பக்கம்கூட இருக்காது. வேறெங்கும் பிரதி இல்லை.

மண்டியைப் புரட்டிப் போட்டோம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் காது சூடாகிறது. ஏனென்றால் அது எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அட்டைக்குப் போர்த்துகிற காலிகோ துணி தட்டுப்பாடாக இருந்த வருஷத்தில், ஒரே அளவிலான ஒல்லிப் புத்தகங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே அட்டையில் கட்டச் சொன்னது நான். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டு பேருக்கு ஒரே சட்டை தெக்கச் சொல்றீங்களே மேடம். வெளிய ஒருத்தன் பேருதான் தெரியும், உள்ள இருக்கறவன் காணாம பூடுவான்" என்றீர்கள். அதற்குத்தான் பட்டியல் இருக்கிறதே, எதோடு எதைச் சேர்த்தோம் என்று நான் எழுதிவைக்கிறேனே என்றேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேடினோம். சேர்த்துக் கட்டினதை எல்லாம் எடுத்துப் பிரித்தோம். ஏரி இல்லை.

"பட்டியல்ல இல்லாததையும் ஒருக்கா பாத்துடலாமா மேடம்? ஒல்லியா கீறது எல்லாத்தியும்?" என்று கேட்டீர்கள்.

"என் பட்டியல் தப்பாகாது பாய்."

எவ்வளவு திமிர் பாருங்கள்.

சூப்பரிண்டெண்ட் ஒரு வழி சொன்னார். "யாராவது ஒருத்தர் என் கவனக்குறைவால்தான் போச்சுன்னு எழுதித் தரணும். எழுதித் தர்றவர் விசாரணை முடியற வரைக்கும் இங்கதான் இருக்கணும். இன்னொருத்தர் தாராளமா போலாம்." சொல்லிவிட்டு வெற்றிலை போட வெளியே போனார். மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாள். விசாரணை என்றால் எத்தனை மாதம் ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உங்கள் விசாவில் நான்கு மாதம்தான் பாக்கி. பிரிவுக்குப் பொறுப்பு நான். பட்டியல் என்னுடையது. நான்தான் எழுதவேண்டும். பேனாவைத் திறந்துவிட்டேன்கூட.

நீங்கள் தாளை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். "இன்னா எழுதணும்னு சொல்லுங்க, எனுக்கு இங்கிலீஷ் வராது" என்றீர்கள். திறந்த பேனா என் கையிலேயே இருந்தது. "புள்ளைக்கு அம்மா வோணும் மேடம். துபாய் எங்கயும் ஓடிப் பூடாது."

வேண்டாம் பாய், நான் எழுதித் தருகிறேன். இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. நான்கைந்து வார்த்தை. வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? எழுத்துப்பிழை இல்லாமல் சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் தமிழிலேயே எழுதினீர்கள். பைண்டர் கையெழுத்து, அட்டை மாதிரி ஓரம் நேராக இருந்தது.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். இதற்குமேல் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள். சென்னைக்குப் போகவேண்டிய சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பின்பக்கம் ஸ்டவ்வில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். கரும்புப் புத்தகத்தின் முதுகில் பூச்சி அரித்த பொடி தெரிந்தது. எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பார்க்கலாம் என எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினேன். கரும்பு முடிந்த இடத்தில் ஒரு ஏரியின் படம், மதகோடு. கீழே பனமலை என்று அச்சு.

நம் பிரிவின் வழக்கம் உங்களுக்குச் சொல்லவேண்டாம். சோதனைக்குத் திறக்கிற ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளிலும், திறந்தவர் தன் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் பென்சிலால் போடவேண்டும். மூன்று வருஷமாகப் பழகின கை. மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் கை போட்டுவிட்டது. எழுத்து, அன்றைய தேதி. அதற்கப்புறம்தான் நான் பார்த்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

சேர்த்துக் கட்டச் சொன்னது நான். பட்டியலில் எழுதாமல் விட்டதும் நான். உங்கள் கை எத்தனையோ தைக்கும், எது எதோடு என்று அது ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? அதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

சொல்லியிருந்தால்? "ஒண்ணு விட்டுப்போச்சுன்னா இன்னும் எத்தனை விட்டுப்போச்சோ, முதல்லேர்ந்து எண்ணு" என்பார் அந்த சூப்பரிண்டெண்ட். என்னை விடுவிக்கிற உத்தரவு மேஜைமேல் இருந்தது. மறுநாள் மத்தியான ரயில். மகளுக்கு மணிக்கூண்டு பொம்மை வாங்கி வைத்திருந்தேன். நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பசைக் கிண்ணத்தோடு நீங்கள் வந்தீர்கள்.

"இன்னா மேடம், பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல பாய். தூசி."

"உக்காருங்க, டீ எடுத்தாறேன்" என்று போனீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் புத்தகத்தை அது இருந்த இடத்திலேயே செருகிவிட்டேன். அந்த டீயையும் குடித்தேன் பாய்.

சென்னைக்குப் போன ஒரே வாரத்தில் எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். ஏதோ தற்செயலாக ஞாபகம் வந்த மாதிரி, கரும்புப் புத்தகத்தில் பாருங்கள் என்று ஒரு வரி. ஒரு வாரம் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதில் போயிற்று. அவள் என்னை வெறும் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ஜுரம். ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு ஒரு வரி போதும். ஒரு மாதம் தள்ளிப்போனதற்கு என்ன எழுதுவது? இரண்டு மாதம் ஆனதும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இன்லண்டு கடிதம் வாங்கி வாங்கி வைத்தேன். பாதி எழுதிக் கிழித்தேன். திண்டிவனத்து ஷட்டரிலிருந்து தப்பித்து வந்துவிட்டேன் என்று நினைத்தவளுக்கு, சென்னையில் நாலு பக்கமும் ஜன்னல் இருக்கிற வீட்டிலும் மூச்சு முட்டியது.

எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, உங்கள் இன்லண்டு வந்தது. விசா காலாவதியாகி எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

"மேடத்துக்கு சலாம். புஸ்தகம் கெடச்சிடுச்சி. கரும்பு புஸ்தகத்துக்குப் பின்னால் தச்சி இருக்கிறது. என் கையாலே தச்சது, நான்தான் மறந்துவிட்டேன். விசாரணை ரத்து. நீங்கள் ஒன்றும் மனசிலே வெச்சிக்க வேண்டாம். பாப்பா சௌக்கியமா?"

அந்த ஐந்தாறு வரியை எத்தனை தடவை படித்தேன்! கடைசித் தாளை இவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா? நீங்கள் எந்தப் புத்தகத்தையும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை தடவிப் பார்க்காமல் வைக்கமாட்டீர்கள். ஆனால் நான்தான் மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாரே. பார்த்திருந்தால் ஒரு மனுஷன் அப்படி எழுதுவானா? பார்க்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு சௌகரியம். "மிக்க சந்தோஷம் பாய்" என்று பதில் போட்டேன். அந்தப் பாவத்தை நான் எங்கே போய்த் தொலைப்பேன்?

உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கோட்டக்குப்பம் வந்தேன். ஓட்டு வீடு ஓட்டு வீடாகவே இருந்தது. வாசலில் பந்தல். நீங்களே வந்து உட்காரவைத்துத் தட்டில் பிரியாணி போட்டீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று முடிவு பண்ணித்தான் பஸ் ஏறியிருந்தேன். "பாய், அந்தப் புஸ்தகம்..." என்று ஆரம்பித்தேன்.

"சாப்புடுங்க மேடம், ஆறிப் பூடும்" என்றீர்கள். இன்னொரு துண்டு கறியை எடுத்து வைத்தீர்கள். "பாப்பா இன்னா படிக்குது?"

நான் சாப்பிட்டேன். அப்புறம் எத்தனையோ வருஷம். அந்த மண்டியை இடித்துவிட்டார்கள், புத்தகங்கள் எல்லாம் சென்னைக்கே வந்துவிட்டன, நானும் ஓய்வு பெற்றேன். இதே கட்டடத்தில், இதே புத்தகத்துக்கு இரண்டு மாடி கீழே வேலை பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட மேலே வந்து எடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தவரை தெரிந்துகொள்ள தைரியம் இல்லை.

சரி. புரட்டுகிறேன்.

கரும்பு முடிந்தது. ஏரிப் படம் இருக்கிறது. மதகு இருக்கிறது. கடைசித் தாள்.

பாய், என் எழுத்து இல்லை. அந்தத் தாள்மேல் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. மற்ற தாளைவிடக் கொஞ்சம் வெளுப்பு. ஓரத்துக்கு ஓரம் பிசகவில்லை, ஒரு கொப்புளம் இல்லை, மூலையில் மட்டும் மயில்துத்தத்தின் நீலம் ஒரு பொட்டு. வேறு யார் கையும் இப்படி ஒட்டாது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே இருக்கிறது. என் எழுத்து, நான் கிளம்புவதற்கு முந்தின நாள் தேதி.

ஆக, பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள், நான்தான் மறந்துவிட்டேன் என்று. பார்த்துவிட்டுத்தான் கறித்துண்டை எடுத்து வைத்திருக்கிறீர்கள். இந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். ரப்பர் போட்டு அழித்திருக்கலாம். பழைய புத்தகத்தில் கிழிக்கக் கூடாது, ரப்பர் போடக் கூடாது, என் சட்டம். அதையும் மீறாமல், என்னையும் யாரிடமும் காட்டிக்கொடுக்காமல், உங்கள் துபாயையும் சேர்த்து இந்தத் தாளுக்கு அடியில் ஒட்டி மூடிவிட்டீர்கள். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? மேடம், நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று ஒரு இன்லண்டு போட்டிருக்கக் கூடாதா? அழுது தீர்த்திருப்பேனே.

போன் வந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. வாசிப்பறை என்றுகூடப் பார்க்கவில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திறந்தவர் எழுத்துப் போடவேண்டும் அல்லவா? நீங்கள் ஒட்டின தாள்மேல் பென்சிலால் என் முழுப்பெயரை எழுதினேன். இன்றைய தேதி இல்லை, அடியில் இருக்கிற அந்தத் தேதியையே போட்டேன். கீழே ஒரு வரி: "ஏரிப் புத்தகம் இதில் இருப்பதை அன்றே பார்த்தேன். சொல்லவில்லை. பைண்டர்மேல் தவறில்லை."

கவுண்டர் பெண் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள். "ஐயோ மேடம், இன்னாது இது, புக்குல எழுதிக்கினு கீறீங்க? இதெல்லாம் பழைய புக்கு! குடுங்க, நான் ரப்பர் எடுத்தாறேன்."

"ரப்பர் போடக் கூடாதும்மா" என்றேன். "தாள் போயிடும். எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

அவள் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலதிகாரியிடம் சொல்லப் போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன். வரட்டும், கேட்டால் முழுக்கதையும் சொல்கிறேன். இந்தத் தடவை மேலே தாள் ஒட்ட நீங்கள் இல்லை பாய்.